நான்கு விரல் வெளியே

நாளுக்கு முப்பது வெள்ளி, ஒரு நாசி லெமாக் பொட்டலம்,
திருப்பித் தர வேண்டிய நீலச் சட்டை.
செந்தூல் பள்ளியில் கிராணி வேலை முடித்து
எல்ஆர்டி ஏறி புக்கிட் ஜாலிலில் இறங்குவேன்.
பதினோரு வருடம் கோட்டு நடுவர்.
எனக்கு ஒரு நாற்காலி, ஒரு கோடு.
கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது.

அதனால் கெங் ஷுவாங்லானை
எனக்கு முட்டிக்குக் கீழேதான் தெரியும்.
இடது கணுக்காலில் பழுப்புப் பட்டை.
வலது காலணியின் மூக்கு மட்டும் தேய்ந்து
வேறு தோல் வைத்துத் தைத்திருந்தது.
உலகப் பட்டம் ஒன்று, ஆசியப் பட்டம் இரண்டு
என்பதெல்லாம் பத்திரிகை சொன்னது.
நான் கண்டது,
பின்கோட்டுக்கு ஓடி வந்து சட்டென்று நின்று
இறகை விழ விட்டுவிடும் கால்கள்.
வாய் திறக்காமல்
எனக்கு முன்னே தீர்ப்புச் சொல்லிவிடும்.
ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த அரையிறுதியில் வலைக்கு இரு பக்கமும்
ஒரே சிவப்புச் சட்டை.
எதிரில் அவள் நாட்டுப் பெண், பத்தொன்பது வயது,
பெரிய போட்டிக்குப் போக
இன்னும் கொஞ்சம் புள்ளி தேவைப்பட்டவள்.
பயிற்சியாளர் நாற்காலிகள் இரண்டும் காலி.
ஆளில்லாத நாற்காலியும் பேசும் என்று
அன்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஆட்டம். பதினெட்டுக்குப் பதிமூன்று,
ஷுவாங்லான் முன்னால்.
பிறகு வலையில் ஒன்று.
அகலத்தில் ஒன்று.
மறுபடி வலை.
மேல் வரிசையில் எவனோ சீழ்க்கை அடித்தான்.
கொட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குச்சிகள்
ஒவ்வொன்றாக ஓய்ந்தன.
பதினெட்டுக்கு இருபது.

பக்கம் மாறியிருந்தார்கள். அவள் கால்கள் இப்போது தூரத்தில்.
உயரத் தூக்கினாள்.
விளக்கு வெளிச்சத்துக்குள் போய்த் தொலைந்து
தலைகீழாகச் சுழன்று
நேராக என் முன்னால் வந்து விழுந்தது.
வெளியே.
நான்கு விரல், கட்டைவிரல் சேர்க்காமல்.
ஏசிக் காற்றின் மேல் பழி போட முடியாது,
அன்று அது அசையவே இல்லை.
இருபது வருடம் கோடுகளைத் தொடப் பழகிய கை
அந்த நான்கு விரலையும் அளந்துதான் வைத்திருந்தது.

இரு கைகளையும் விரித்தேன். “அவுட்!”
சரியான தீர்ப்பு.
சரியாகச் சொல்லியும் பொய்யாய்ப் போனது
என் ஆயுளில் அந்த ஒரு சொல்.

கோட்டு நடுவருக்குச் சைகை மூன்று.
உள்ளே என்றால் வலது கை கோட்டைக் காட்டும்.
வெளியே என்றால் இரு கையும் விரியும்.
பார்க்க முடியாமல் போனால்
உள்ளங்கைகளால் கண்ணைப் பொத்திக்கொள்ளலாம்.
மேலே இருக்கும் நடுவரும் பார்த்திராவிட்டால்
புள்ளி செல்லாது, மறுபடி ஆடலாம்.
பொத்திக்கொள்வது குற்றமும் இல்லை.
நான் ஒருநாளும் பொத்தியதில்லை.
பெருமையாகச் சொல்லித் திரிந்தேன் அதை.

மறுவருடம் அவளுக்கு முட்டியில் அறுவை.
அதற்கடுத்த வருடம் இரண்டு வரி அறிக்கை.
பெரிய போட்டிக்குப் போன சின்னவள்
காலிறுதியில் தோற்றாள்.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

போன மாதம் பள்ளிக்கு இறகு வாங்க பூச்சோங் போனேன்.
டயர் கிடங்கை ஒட்டித் தகரக் கொட்டகை,
ஆறு ஆடுகளம், மணிக்குப் பதினெட்டு வெள்ளி.
கல்லாவில் இருந்தவள் முட்டியில்
ஐஸ் பொட்டலத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.
முகம் தெரியவில்லை எனக்கு.
குனிந்தேன்.
சிலிப்பருக்குள் அந்தக் கணுக்கால்.

“எங்கோ பார்த்திருக்கிறோமோ?” என்றாள் உடைந்த மலாயில்.
இல்லை என்றேன்.
பத்து டியூப் எடுத்து அடுக்கினாள்.

பின்னால் இரண்டு பையன்கள் சண்டை.
உள்ளே என்கிறான் ஒருவன், வெளியே என்கிறான் மற்றவன்.
“ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க!”
அவள் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஐஸ் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.
ஈரக் கைகள் இரண்டையும் தூக்கிக்
கண்ணைப் பொத்திக்கொண்டாள்.
பையன்கள் சிரித்துவிட்டு
மறுபடி ஆடத் தொடங்கினார்கள்.

எவ்வளவு நேரம் பொத்தியிருந்தாள் என்று நான் எண்ணவில்லை.
ரசீதில் பள்ளியின் பெயரைத்
தப்பாக எழுதியிருந்தாள்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.